மூன்று அங்குலப் படி

போன நவம்பரில் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் இரண்டு ராத்திரி தங்கினேன். இரண்டு ராத்திரியும் ஒரே இடத்தில் தடுக்கிக்கொண்டேன். முதல் தடவை வலது கால் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்துவிட்டது. ஓட்டலின் பெயரைச் சொல்லப்போவதில்லை, நகம் பெயர்ந்த கதையில் அதற்கு என்ன வேலை. வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், கடற்கரையிலிருந்து நடந்தால் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறது என்பது போதும். இரண்டு பழைய வீடுகளை இணைத்து ஓட்டலாக்கியிருக்கிறார்கள் என்று அறையில் வைத்திருந்த அட்டையில் போட்டிருந்தது. தெருவில் மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதற்குள் திண்ணை, நடை, நடையைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், மேலே போனால் பிரெஞ்சுக்காரர்கள் பாணியில் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும். புதுச்சேரியில் பத்து வீடு பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

முற்றத்தைச் சுற்றி வரும் உள் தாழ்வாரத்தில் சரியாக நடுவில் ஒரு படி. அதைப் படி என்று சொல்வதே அதிகம். மூன்று அங்குலம் இருக்கும். ஏறுகிறோம் என்று காலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. மஞ்சளும் கறுப்புமாக ஒரு டேப் ஒட்டி வைத்திருந்தார்கள், அதுவும் பாதி உரிந்துபோய். நான் கட்டடக் கலைஞன் இல்லை. ஒரு கட்டுமான கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஆனாலும் இருபது வருஷம் சைட்டுகளில் டீ குடித்ததில் தளமட்டம் பார்க்கிற கண் வந்துவிட்டது. ராத்திரிக்கு இவ்வளவு வாடகை வாங்குகிறவன் ஒரு தரையை மட்டம் பண்ண மாட்டானா என்று நகத்தைப் பிடித்துக்கொண்டு திட்டினேன். திட்டிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. நகம் வலித்தது ஒரு பக்கம். அந்தப் படி அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம்.

பொதுச்சுவர்

புதுச்சேரியில் வீட்டை ஓட்டலாக்குவது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் வாய்க்காலின் இரண்டு கரையிலும் அது ஒரே வேலை இல்லை. கடல் பக்கம், பிரெஞ்சுப் பகுதியில், வீடு தனியாக ஒரு மதிலுக்குள் நிற்கும். பெரிய கேட், உள்ளே தோட்டம், அதைப் பார்த்து வளைவுகள் வைத்த வராந்தா. நான்கு பக்கமும் அந்த வீட்டுச் சுவர் அந்த வீட்டுக்கே சொந்தம். ரொமேன் ரோலன் வீதியில் கல்வித் துறை அலுவலகமாக இருந்த கட்டடத்தை ஓட்டலாக்கினார்களே, அந்த மாதிரி இடங்களில் அறைக்கதவுக்கு நம்பர் போடுவதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றும். கட்டியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருக்கட்டும்.

தமிழர் பகுதி வேறு மாதிரி. அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனபிறகு, 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்த ஊரை ஏறக்குறைய பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடியும் கட்டினார்கள். அதனால் நாம் இன்று பழைய வீடு என்று கை காட்டுகிற எதுவும் அநேகமாக அதற்குப் பிற்பட்டதுதான், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு. அந்த வீட்டிலேயே கீழே மரத்தூண், மேலே காரைத்தூண் என்று இரண்டு பழக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பிற்பாடு வந்த மெத்தை வீடுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை போலத்தான் இருக்கின்றன. தெருவில் நின்று பார்த்தால் தாழ்வார ஓடு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தொடர்ந்து ஓடும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரே சுவர். ஒன்றரை அடி, சில இடத்தில் அதற்கு மேலும், செங்கல்லும் சுண்ணாம்பும்.

அந்தச் சுவர் சும்மா தடுப்பு இல்லை. பழைய மாடியின் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம் போட்டு, அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகளைப் பரப்பி, மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் ஜல்லியும் சுண்ணாம்புமாக இடித்துக் கெட்டித்து, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். அந்த உத்திரத்தின் தலை வந்து உட்காருவது பொதுச்சுவரின் மேல். இந்தப் பக்கம் ஒரு வீட்டு உத்திரம், அந்தப் பக்கம் இன்னொரு வீட்டு உத்திரம், இரண்டு தலையும் ஒரே சுவரில் முகத்தோடு முகம் வைத்துப் படுத்திருக்கும். அதனால்தான் ஒட்டு வீடுகளைச் சேர்த்து ஓட்டல் ஆக்குகிறவர்களால் நடுச்சுவரைத் தூக்கி எறிய முடிவதில்லை. எந்த உத்திரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, கர்டர் கொடுத்து, ஒரு கதவகலத்துக்குத் துளை போடலாம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டின் பேஸ்மட்டம் வேறு உயரத்தில் இருக்கும். ஒருத்தர் தெருவிலிருந்து மூன்று படி ஏற்றிக் கட்டியிருப்பார், அடுத்தவர் நாலாகப் போட்டிருப்பார். ஆகவே துளை போட்ட இடத்தில் ஒரு படி வரும், வரத்தான் வேண்டும். ஓட்டல்காரர் மேல் தப்பில்லை.

இப்படியெல்லாம் யோசித்து, இரண்டு வீடு, இரண்டு பேஸ்மட்டம், ஆகவே படி என்று கணக்கை முடித்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் காபியோடு முற்றத்தில் உட்கார்ந்தபோது கணக்கு உதைத்தது. படி பொதுச்சுவரில் இல்லை. பொதுச்சுவர் என்று ஒன்று அங்கே கண்ணிலேயே படவில்லை. படி இருப்பது முற்றத்தின் நடுக்கோட்டுக்கு நேர் எதிரே, நட்டநடுத் தாழ்வாரத்தில். முற்றம் ஒன்று. அதைச் சுற்றி எட்டு மரத்தூண், எல்லாம் ஒரே ஆசாரியின் கை, ஒரே தாமரை மொட்டு. இரண்டு வீட்டுக்கு ஒரு முற்றம் எப்படி வரும்? பாதத்துக்குக் கீழே பார்த்தேன். முற்றத்துத் தரையில் கிழக்கு மேற்காக, ஒரு சாண் அகலத்துக்கு, கல் வேறு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. தழும்பு மாதிரி.

நீலம் பாதி, பச்சை பாதி

ரிசெப்ஷனில் பழைய போட்டோ ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வேலை தொடங்குவதற்கு முன்னால் எடுத்தது. முதல் நாள் வந்தபோது பார்த்தும் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். இப்போது கிட்டத்தில் போய்ப் பார்த்தால், வீட்டின் முகப்பு சரியாக நடுவில் இரண்டு நிறம். இடது பாதி நீலம், வலது பாதி இளம்பச்சை. மேலே கைப்பிடிச் சுவரில் சுதையில் செய்த ஒரு பூமாலை, அதுவும் பாதி நீலம் பாதி பச்சை. மாலையின் நடுவிலிருந்து ஒரு மழைநீர்க் குழாய் நேராகக் கீழே இறங்கியது, கோடு போட்ட மாதிரி. இதைப் பார்த்தவுடன் புரியாதவர் தமிழராக இருக்க முடியாது. நானோ பார்த்துக்கொண்டே நின்றேன். புரிந்ததை ஒத்துக்கொள்ள இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னவர் ஒரு கொத்தனார். நடையின் அடிச்சுவரில் ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருந்தது. கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் இது தீராத வியாதி. எந்தக் காலத்திலோ யாரோ சிமெண்டில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் ஏறின ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அவர் அதையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு வைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில், மேலே ஒரு அட்டைப்பெட்டி மூடி. பக்கத்தில் போய் நின்று, அண்ணே, ரெண்டு வீட்டைச் சேர்க்கும்போது இந்தத் தரையை ஒரே மட்டமா ஆக்கியிருக்கலாமே என்று கேட்டேன். என் காலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு வீடு எங்க சார் இருந்துச்சு? இது ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு நடுவுல சுவர் எழுப்புனது. நாங்க அந்தச் சுவரைத்தான் எடுத்தோம். நாலரை இஞ்சு சுவரு. ஒரு நாள் வேலை."

அப்புறம் படிக்கும் காரணம் சொன்னார். தம்பி தன் பாகத்தில் காவித்தரைக்கு மேலேயே மொசைக் போட்டிருக்கிறார். அண்ணன் போடவில்லை, வசதி இல்லையோ, பிடிவாதமோ. மொசைக் கல் ஒரு அங்குலம், அதற்கு அடியில் கலவை இரண்டு அங்குலம். மொத்தம் மூன்று. அதைப் பெயர்த்தால் கீழே இருக்கிற காவித்தரையும் சேர்ந்து பெயர்ந்து வரும் என்று ஒரு மூலையில் கொத்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்களாம். அட்டையில் இரண்டு வீடு என்று போட்டது ஏன் என்று கேட்டதற்கு, "பத்திரம் ரெண்டு சார்" என்றார்.

நான் தடுக்கியது தம்பியின் மொசைக்கில்.

எங்கள் வீட்டுக் கிணறு

எங்கள் பூர்வீக வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில். நான் நாலாவது படிக்கும்போது பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பாகம் ஆயிற்று. ஸ்கூல் விட்டு வந்தபோது முற்றத்தில் செங்கல் அடுக்கியிருந்தது, விளையாட ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் சுவர் என் உயரத்துக்கு மேலே போய்விட்டது. வீடு ஒருவிதமாகப் பிளந்தது. மாடிப்படி பெரியப்பா பாகத்தில் போயிற்று, அதனால் நாங்கள் தெருப்பக்கம் இரும்புப் படி வைத்தோம். பூஜை அறை எங்கள் பக்கம், அதனால் பெரியம்மா சமையலறை அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணிச் சாமி படம் வைத்தாள். கொல்லைக் கிணற்றைப் பிரிக்க முடியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். முடிந்தது. கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு கல் போட்டு அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். இந்தப் பக்கம் அரை வட்டம், அந்தப் பக்கம் அரை வட்டம். தண்ணீருக்கு மட்டும் பாகம் இல்லை. அந்தப் பக்கம் வாளி விழுந்தால் எங்கள் பக்கத்தில் அலை வரும்.

பிரிக்கவே முடியாமல் போனது முற்றத்துத் தூம்புதான். நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஒரு மூலையில் இருக்கும் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போக வேண்டும், அப்படித்தான் தாத்தா காலத்தில் வாட்டம் வைத்துக் கட்டியிருந்தது. தூம்பு பெரியப்பா பாகம். சுவர் வந்தபிறகு எங்கள் பாதி முற்றம் ஒவ்வொரு ஐப்பசியிலும் குளம். சுவரின் அடியில் ஒரு ஓட்டை விட வேண்டும் என்று பேச்சு. விட்டார்கள். அடுத்த மழையில் அந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது. யார் அடைத்தது என்று இன்றுவரை இரண்டு வீட்டிலும் வேறு வேறு பதில்.

இதனால்தானோ என்னவோ, பழைய வீடுகளைப் பற்றி ஆட்கள் உருகிப் பேசும்போது எனக்கு ஒட்டுவதில்லை. முற்றம், திண்ணை, கூட்டுக்குடும்பம் என்று பேசுகிறவர்கள் நாலரை இஞ்சுச் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. அது எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. அதுவும் நம் கட்டடக் கலைதான். பங்காளி நிறம் என்றே ஒன்று உண்டு: அவன் அடிக்காத நிறமாகப் பார்த்து இவன் அடிப்பது. ஊரின் பழைய முகத்தைக் காப்பாற்ற நடக்கும் வேலைகளை நான் குறை சொல்லவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியில் செய்த வேலையைப் போய்ப் பார்த்தால் தெரியும், வரிசையாகத் தாழ்வாரமும் தூணும் திரும்பி வந்து தெரு மூச்சு விடுகிறது. ஆனால் அது தெருப்பக்கத்து வேலை. உள்ளே சுவர் எங்கே ஓடுகிறது என்பது பத்திரத்தில்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் வசிக்கும் நண்பன் ஒருவனுக்கு ஓட்டல்கள் என்றாலே ஆகாது. ஒரு தெருவில் நாலு வீடு ஓட்டல் ஆனால் மார்கழியில் கோலம் போட ஆள் இல்லை, பால்காரன் வரமாட்டான், திண்ணையில் உட்கார்ந்தால் செக்யூரிட்டி எழுப்புவான் என்பான். நான் தங்கிய இடத்திலும் திண்ணையில் ஒரு தொட்டிச் செடியை வைத்து யாரும் உட்கார முடியாதபடிதான் செய்திருந்தார்கள். முற்றத்தில் குட்டி நீச்சல்குளம் கட்டுகிறவர்களும் உண்டு, அதற்கு எந்த வாதத்தாலும் என்னைச் சம்மதிக்க வைக்க முடியாது. மரக்கட்டையும் சுண்ணாம்புமாக இருக்கிற மாடித்தளத்தின் மேல் அறைக்கு ஒரு குளியலறை வைப்பதும் ஆபத்தான வேலை. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் உத்திரத்தின் தலைதான் முதலில் ஊறும். இங்கே அதை யோசித்துக் குளியலறைகளை எல்லாம் பின்னால் கொல்லையில் புதிதாக எழுப்பிய ஒரு பகுதியில் அடுக்கியிருந்தார்கள், அந்த மட்டுக்கும் சரி.

ஆனால் நண்பனிடம் நான் கேட்டது வேறு. ஓட்டல் வாங்காவிட்டால் யார் வாங்குவார்கள்? இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஒன்பது கையெழுத்து வேண்டும் என்றால் அதில் மூன்று பாரிஸில் இருக்கும், ஒன்று ரீயூனியனில். கையெழுத்துகள் சேர்கிற வரை வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீடு பாதுகாப்பாக இருக்கும் என்று நினைப்பது தப்பு. கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்தால் போதும். அதன் வேர் போகிற வழியில் தண்ணீர் போகும், தண்ணீர் நேரே உத்திரத் தலைக்குப் போகும், சுவருக்குள் புதைந்திருக்கிற தலை உளுத்துவிட்டது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. ஒரு அடைமழை வந்தால் சரி. கடற்கரையிலேயே, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29-ம் தேதி மழையில் பொலபொலவென்று விழுந்தது. அதே மாதிரி இன்னொன்றை இப்போது கட்டி நிறுத்திவிட்டார்கள், அரசாங்கம், முடியும். அண்ணன் தம்பிக்கு முடியுமா? எங்கள் வீட்டில் பெரியப்பா பாகத்தை விற்றார்கள், வாங்கினவர் இடித்துக் கடை கட்டினார். இப்போது தெருவில் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் நடுச்சுவரின் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். பெரியம்மா அடித்த நீலமும், அலமாரித் தட்டு பதிந்திருந்த தடமும், மேலே வெயிலில் அப்படியே இருக்கின்றன.

அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று சொன்னால் நண்பன் அடிக்க வருவான். சொல்லவும் எனக்கு முழு மனசு இல்லை. பத்துப் பேர் காசு கொடுத்துத் தங்குவதற்காக ஒரு சுவர் இடிக்கப்பட்டது என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது. ஆனால் எட்டுத் தூணையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது. அந்த வீட்டில் பிறந்து பாதி முற்றத்தில் வளர்ந்த யாராவது வந்து பார்த்தார்களா என்று கொத்தனாரிடம் கேட்டேன். தம்பியின் பேத்தி என்று ஒரு பெண் ஒருதடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனாளாம். படியில் தடுக்கவில்லையாம், பழகின கால்.

இரண்டாவது ராத்திரி மழை. பதினோரு மணிக்குப் பிடித்தது, கொட்டித் தீர்த்தது. நான் தாழ்வாரத்துக்கு வந்து (வரும்போதுதான் இரண்டாவது தடவை தடுக்கிற்று) தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் திரை மாதிரி விழுந்து, அந்தத் தழும்புக்கோட்டின் மேலேயே ஓடி, தென்கிழக்கு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இராத்திரி டியூட்டி மேனேஜர் குடையோடு வந்து, சார் ஏதாவது வேணுமா என்றார். முப்பது வயதுகூட இருக்காது, மதுரைப் பக்கத்துப் பேச்சு. தூம்பு அண்ணன் பக்கமா, தம்பி பக்கமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் முற்றத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணி அடைச்சிருக்கா சார், காலையில பிளம்பரை வரச் சொல்லட்டுமா என்றார்.